மிருகத்துக்கு அர்த்தம் சொன்னவர்

கடலிலிருந்து ஏறி வரும் ஏழு தலை மிருகத்துக்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால் அவர் முதலில், "சாப்டியாப்பா?" என்பார். இல்லை என்றால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார். பசியோடு இருப்பவனுக்கு மிருகம் இன்னும் பெரிதாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. சாப்பிட்டாயிற்று என்றால் நாற்காலியை இழுத்துப் போடுவார். அதன் பிறகு கேட்டவர் எழுந்து போக வழியில்லை.

கடலூர் முதுநகரில் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் நான் சேர்ந்தபோது அவர் அங்கே பழைய ஆள். என்னைவிடப் பத்து வயது பெரியவர். சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பா நிறைய கிராம்பு இருக்கும். பேச ஆரம்பிக்கும் முன் ஒன்றை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வார். கிராம்பு வாசனை வந்தால் பேச்சு வரப்போகிறது என்று அலுவலகத்தில் எல்லாரும் கோப்புக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வோம்.

நான் சைவக் குடும்பத்துக்காரன். எங்கள் வீட்டில் பைபிள் கிடையாது. ஆனாலும் அதன் கடைசிப் புத்தகத்தில் எந்தக் குதிரைக்கு என்ன நிறம் என்று எனக்குத் தெரியும் என்றால் அதற்கு அவர்தான் காரணம். தீவு ஒன்றில் சிறை வைக்கப்பட்டவர், தான் கண்ட காட்சிகளை ஏழு ஊர்ச் சபைகளுக்கு எழுதி அனுப்பிய புத்தகம் அது. முத்திரை, எக்காளம், வலுசர்ப்பம், மிருகம், மிருகத்தின் எண், நெற்றியிலோ வலது கையிலோ போடும் குறி என்று பக்கத்துக்குப் பக்கம் அடையாளங்கள். உலகம் எப்போது முடியும் என்பதை அதிலிருந்து கண்டுபிடிக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். அவருக்கு அந்த முயற்சியின் மேல் தீராத எரிச்சல் இருந்தது.

எரிச்சலுக்குக் காரணம் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவானால் கொடிமரத்தில் நாங்கள் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்ற வேண்டும். ஒன்றாம் எண், இரண்டாம் எண் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வடிவம். தூரத்திலிருந்து பார்த்தால் கூடையைக் கவிழ்த்துக் கட்டியது போலிருக்கும். ஏற்றுபவர்களில் அவரும் ஒருவர். ஒன்றாம் எண் ஏறிய உடனே டெலிபோன் அடிக்க ஆரம்பித்துவிடும்.

"சார், வர்ற வெள்ளிக்கெழம பொண்ணுக்குக் கல்யாணம். தள்ளி வச்சிரலாமா?"

"சார், கரெக்டா எத்தினி மணிக்கு வரும்?"

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் அவருக்குக் கோபம் வரும்.

"எத்தினி மணின்னு கூண்டு சொல்லாதுங்க. படகை இழுத்துக் கட்டுன்னுதான் சொல்லும். கட்டியாச்சா? மொதல்ல போயி கட்டுங்க."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"பாத்தியாப்பா? அதே கதைதான். அந்த மனுஷன் தீவுல ஒக்காந்துக்கிட்டு ஏழு ஊருக்கும் கூண்டு ஏத்தி வச்சாரு. படகைக் கட்டுங்கடான்னு. நம்ம ஆளுங்க ரெண்டாயிரம் வருஷமா கீழ நின்னுக்கிட்டு கூண்டுக்கு மூங்கில் எங்க வாங்குனாருன்னு பேசிக்கிட்டிருக்காங்க."

அவருடைய வியாக்கியானம் முழுவதும் இவ்வளவுதான். எந்த அடையாளத்தைச் சொன்னாலும், "சரி, இதைக் கேட்டவன் இப்ப என்னா செய்யணும்?" என்பார். செய்ய ஒன்றும் இல்லாத அர்த்தம் அர்த்தமே இல்லை. எழுத்துக்கு எழுத்து எண் கொடுத்துக் கூட்டி, ஒரு நாட்டுத் தலைவரின் பெயர் மிருகத்தின் எண்ணுக்குச் சரியாக வருகிறது என்று ஒரு நண்பர் காகிதத்தோடு வந்தபோது அவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஒங்க மாமியார் பேரைப் போட்டுப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"போட்டுப் பாருங்க. கூட்டத் தெரிஞ்சவனுக்கு எல்லாப் பேரும் வரும்."

நண்பர் உண்மையாகவே போட்டுப் பார்த்தார். கொஞ்சம் இழுத்துப் பிடித்ததில் வந்தது. அந்த நண்பர் அதன் பிறகு எந்தத் தலைவரைப் பற்றியும் பேசவில்லை. மாமியார் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார் என்று மட்டும் கேள்வி.

ஒரு மழைக்காலத்தில் கெடிலம் ஆறு கரை புரண்டு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. சமையலறையில் முழங்கால் தண்ணீர். சொல்லி அனுப்பாமலே அவர் தோளில் மண்வெட்டியோடு வந்தார். வரும்போதே பேச்சு. அந்தப் புத்தகத்தில் ஒரு பெண்ணை அடித்துக்கொண்டு போக வலுசர்ப்பம் ஆறு போலத் தண்ணீரைக் கக்குகிறதாம். பூமி வாயைத் திறந்து அவ்வளவு தண்ணீரையும் குடித்து அவளைக் காப்பாற்றுகிறதாம்.

"பூமி ஒத்தாசை பண்ணும்னு போட்டிருக்கு. ஆனா வாயை நாமதாம்ப்பா தொறந்து வுடணும்" என்று சொல்லிக்கொண்டே கொல்லைச் சுவர் ஓரமாக வாய்க்கால் வெட்டினார். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. பண்ருட்டியிலிருந்து கொண்டுவந்து என் மனைவி வைத்திருந்த ரோஜாச் செடிகளும் வாய்க்காலோடு போய்விட்டன.

"நல்ல மனுஷன்தான். ஆனா பூமிக்கு வாயை ரொம்ப ஜாஸ்தியா தொறந்துட்டாரு" என்றாள் அவள். அடுத்த வாரம் அவருக்குப் பலாச்சுளை கொடுத்தனுப்பியதும் அவள்தான்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டு வரும் அம்மாவுக்கு அவர் சொன்ன பதில். அலுவலக வாசலில் கூடையை இறக்கிவிட்டு அந்த அம்மா கேட்டார்:

"ஏன் சார், எங்க கூட்டத்துல போதகரு சொன்னாரு, புது பூமி வருமாம், அதுல கடலு இருக்காதாம். மெய்யாலுமா?"

"அப்பிடித்தான் எழுதியிருக்கு."

"அப்ப எங்க ஆளுங்க அங்க வந்து என்னா பண்றது? மண்ணையா திம்பாங்க? நான் வரல சார்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கிராம்பைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டார்.

"எழுதுனவரு யாரு? தீவுல அடைச்சு வச்ச ஆளு. அவரு சனங்க எல்லாம் அந்தக் கரையில. அவருக்குக் கடலுன்னா சுவரும்மா. நமக்கு நடுவுல சுவரு இருக்காதுன்னு சொல்லி அனுப்புறாரு. ஒனக்குக் கடலு சுவரா?"

"எனக்கு எதுக்கு சார் சுவரு? எங்களுக்கு அதான் வயலு."

"அப்ப ஒன் வயலை யாரும் எடுக்க மாட்டாங்க. போ."

அந்த அம்மா அன்றைக்கு அவருக்கு இரண்டு சங்கரா மீன் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனார். அவர் வாங்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

அவரிடம் குறைகளும் இருந்தன. அடுத்தவர் பேச விடமாட்டார். நான் ஒரு முறை என் சொந்த யோசனையாக நான்கு குதிரைகளைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கியபோது, "அது கிடக்கட்டும்" என்று கையை அசைத்துவிட்டார். தனக்கு ஒரு விஷயம் தெரியாது என்று அவர் சொல்லி, அலுவலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு மாலை திருப்பாப்புலியூரில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் கூட்டம் போட்டிருந்தார். மேடையில் பெரிய துணிப்படம். ஏழு தலை மிருகம், ஒவ்வொரு தலைக்கும் ஒரு நாட்டின் பெயர். இவர் எழுந்து ஏதாவது கேட்டு வம்பு வளர்க்கப் போகிறார் என்று எதிர்பார்த்துத்தான் நான் கூடவே போயிருந்தேன். கூட்டம் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் மேடைக்குப் போய்ப் படத்தைச் சுருட்டுவதற்குக் கை கொடுத்தார்.

"மடிக்காதீங்க தம்பி, பெயிண்டு வெடிச்சிடும். உள்ள ஒரு பழைய வேட்டிய வச்சுச் சுருட்டுங்க" என்றார்.

திரும்பி வரும்போது, இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வண்டிச் சத்தத்தில் காதில் விழாதவர் போல இருந்துவிட்டார்.

அவருக்குச் சிதம்பரத்தில் ஓர் அக்கா. தையல்காரர். கணவர் போன பிறகு வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். சின்ன வயதிலேயே அடிபட்டு வலது கண் போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணிலும் புரை விழுந்து, ஊசியில் நூல் கோர்ப்பது நின்றது. பிறகு பைபிள் வாசிப்பது நின்றது. தினமும் அலுவலகம் முடிந்ததும் அவர் அக்காவுக்குப் போன் போட்டு ஓர் அதிகாரம் வாசித்துக் காட்டுவார். வேகமாக வாசித்தால் அங்கிருந்து அதட்டல் வரும். உலகத்தில் அவரை இடைமறித்துப் பேசக்கூடிய ஒரே ஆள் அந்த அக்காதான். ஆனால் கடைசிப் புத்தகத்தை மட்டும் அக்கா வாசிக்கச் சொன்னதில்லை. "அது எனக்குத் தெரியும், வேணாம்" என்றுவிடுவாராம். அதை அவர் என்னிடம் சொன்ன குரலில் ஏதோ சங்கடம் இருந்தது.

சிதம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப் போட்டால் இந்தக் கண்ணும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் நாளன்று என் காரில்தான் கடலூரிலிருந்து கிளம்பினோம். ஆலப்பாக்கம் தாண்டும் வரை பேசிக்கொண்டிருந்தவர் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியதும் அமைதியாகிவிட்டார்.

அக்காவை அன்றுதான் முதன்முறை பார்த்தேன். மெலிந்த உடம்பு. வெள்ளைப் புடவையை அத்தனை ஒழுங்காக மடித்துக் கட்டியிருந்தார். வார்டில் ஒரு நர்ஸ் பெண் வந்து கையில் பெயர்ப் பட்டை கட்ட வலது கையை நீட்டச் சொன்னாள். அக்கா இடது கையை நீட்டினார். அவள் அதிலேயே கட்டினாள். ரேஷன் கடையில் விரல் வைப்பதும் இடது கையில்தான் என்று அப்போது தெரிந்தது. ஓட்டுப் போடும்போது மை வைப்பது எப்படியும் இடது விரலில் என்பதால் தேர்தலில் மட்டும் அவருக்குக் கவலையே இல்லை.

பிறகு நர்ஸ் ஒரு துண்டு பிளாஸ்திரியைக் கிழித்து, அதில் பேனாவால் வார்டு நம்பரை எழுதி, அக்காவின் இடது புருவத்துக்கு மேலே ஒட்ட வந்தாள்.

அக்கா தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்னாம்மா அது?"

"பிளாஸ்திரிதான் பாட்டி. எந்தக் கண்ணுன்னு உள்ள டாக்டருக்குத் தெரியணும்ல. நெத்தியில ஒட்டுவோம்."

"அதுல என்னா எழுதுன?"

"நம்பரு."

"வேணாம்."

"மாத்திப் பண்ணிடக் கூடாதுல்ல பாட்டி."

"மாத்திப் பண்றதுக்கு எங்கிட்ட இன்னொரு கண்ணு ஏது?"

"இது இல்லாம தியேட்டருக்குள்ள விட மாட்டாங்க பாட்டி" என்றாள். அக்கா கையை எடுத்து நெற்றியை மூடிக்கொண்டார். கைக்கு இடது வலது உண்டு. நெற்றிக்கு இல்லை.

அவர் அக்காவின் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கிராம்பை எடுத்தார். அப்பாடா, இனி கவலை இல்லை என்று நான் நினைத்தேன்.

"அக்கா, நெத்தியில குறி போடுறது மிருகம் மட்டும் இல்ல. அதே புத்தகத்துல தேவனோட ஆளுங்களுக்கும் நெத்தியிலதான் முத்திரை போடுறாங்க."

"அது தேவதூதன் போடுறது. இது நர்ஸு."

"கண்ணுக்கு மருந்து போட்டுக்க, அப்பத்தான் பார்வை வரும்னும் அதுலதான் எழுதியிருக்கு. ஏழு ஊருல கடைசி ஊருக்கு."

"மருந்துதான் காலையிலேர்ந்து விட்டுக்கிட்டு இருக்காங்களே. நான் வேணாம்னனா?"

"இது எழுதுன காலத்துல, ராஜாவைக் கும்பிட்டவனுக்குத்தான் சந்தையில யாவாரம். அந்த அடையாளத்தைச் சொல்றாருக்கா. பிளாஸ்திரிய இல்ல. எதைப் படிச்சாலும், இப்ப நாம என்னா செய்யணும்னு பாக்கணும்."

"அதைத்தான்டா பாக்கறேன். ஒட்டக் கூடாது. அதான் செய்யணும்."

அவருடைய கேள்வியை எடுத்து அவருக்கே பதிலாக யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. வெளியே பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் மூன்று பேர் முன்னால் இருப்பதாக நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

"யாருக்கா ஒனக்கு இதெல்லாம் சொன்னது?" என்றார், குரல் உயர்ந்தது.

அக்கா நெற்றியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

"நீதான்டா சொன்ன."

அவர் நர்ஸ் போன வழியைப் பார்த்தார்.

"என் ரெண்டு போர்வையை நான்தான ஒண்ணாத் தைச்சுக் கொடுத்தேன். அதுல நீதான மிருகம் வரைஞ்ச. ஊரு ஊரா அதைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சிய வச்சு நெத்தியத் தொட்டுத் தொட்டு நீதான காட்டுன. நெத்தியிலயோ வலது கையிலயோ நம்பரு வாங்குனா அவ்வளவுதான், மீட்பே இல்லன்னு நீ சொன்னப்ப முன்னாடி ஒக்காந்திருந்த பொம்பளைங்க எல்லாம் அழுதாங்க. நானும்தான் அழுதேன். ஒனக்கு அப்ப இருவது வயசு. எங்க தம்பி எம்மாம் படிச்சிருக்கான்னு சொல்லிச் சொல்லி அழுதேன்."

வார்டில் அடுத்த கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவர் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். மூடி சரியாகப் பொருந்தாமல் கிராம்பு கட்டிலில் சிந்தியது.

"அது தப்புக்கா" என்றார்.

"அப்ப சொன்னது தப்புன்னா, இப்ப சொல்றது மட்டும் சரின்னு எப்பிடிடா?"

பதில் வரும் என்று நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார் போலிருந்தது.

"தெரியலக்கா" என்றார்.

"என்னாது?"

"தெரியல. ஏதோ, இப்பிடி இருக்கும்னு நெனைக்கிறேன். அவ்வளவுதான். நிச்சயமாத் தெரியல."

"அப்பவாவது தெரியுமா?"

"அப்பவும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசுனேன். எல்லாரும் அழுதாங்களா, எனக்குப் பெருமையா இருந்துச்சு."

அக்கா தம்பியின் பக்கம் முகத்தைத் திருப்பினார். புரை மூடிய கண்ணுக்கு அவர் எப்படித் தெரிந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. பிறகு நெற்றியிலிருந்து கை இறங்கியது.

"தெரியாதவன் பேச்சைக் கேட்டு நான் கண்ணை விடுவேனா?" என்றார். "கூப்புடு அந்தப் பொண்ணை."

நர்ஸ் வந்தாள். அவள் ஒட்டும்போது அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தம்பியின் மணிக்கட்டை அவர் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு, அவர் கட்டிலில் சிந்தியிருந்த கிராம்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

ஓய்வு பெற்றதும் அவர் மகளோடு கோயம்புத்தூர் போனார். அங்கேயே காலமானார். ஆபரேஷனுக்குப் பிறகு அலுவலகத்தில் இருந்த வருஷங்களில், யாராவது மிருகத்தைப் பற்றிக் கேட்டால், சாப்பிட்டாயா என்று கேட்பது மாறவில்லை. நாற்காலியை இழுத்துப் போடுவதும் மாறவில்லை. பேச்சின் நடுவே எங்கேயோ ஓரிடத்தில், "இது எனக்குத் தெரியலப்பா" என்று நிறுத்துவார். முதல் தடவை அதைக் கேட்ட நாளில் அலுவலகத்தில் கோப்புக்குள் கவிழ்ந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. குதிரைகளைப் பற்றி நான் சொல்ல நினைத்ததையும் ஒரு நாள் கேட்டுக்கொண்டார். "இருக்கலாம்" என்றார்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை டாக்டர் கட்டைப் பிரித்தார். அக்கா சன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் விரல்களை அருகில் கொண்டுவந்து நகங்களைப் பார்த்தார். நன்றாகத் தெரிவதாகச் சொன்னார். நர்ஸ் நெற்றியிலிருந்த பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அக்கா தம்பியின் பக்கம் முகத்தை நீட்டினார்.

"போயிடுச்சா பாரு."

"போயிடுச்சுக்கா."

"நல்லா பாருடா. ஏதோ இழுக்குது."

"பசைக்கா. கொஞ்சம் ஒட்டியிருக்கு."

கைக்குட்டையின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, கண்ணில் ஒரு சொட்டும் இறங்காதபடி மறு கையை அணையாக வைத்து, அவர் மெதுவாகத் துடைத்தார். பசை உருண்டு உருண்டு வந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் அக்கா. "இதுக்கா நான் இத்தினி வருஷமா பயந்து கெடந்தேன்?"

நெற்றி சுத்தமாகிவிட்டது. எனக்கே தெரிந்தது. அதன் பிறகும் அவர் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா கண்ணை மூடி, துடைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.